பனிக்குட நீர் அதிகம் என்றால்: காத்திருப்பதா, நீரை எடுப்பதா, வலி வரவைப்பதா, சிசேரியனா?

எட்டாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஏ.எஃப்.ஐ. (பனிக்குட நீரின் அளவு) 27 என்று போட்டிருக்கும். "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று டாக்டர் அனுப்பி வைப்பார். வீடு வந்து சேருவதற்குள் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லிவிடுவார்கள். ஊசி போட்டு நீரை எடுத்துவிடலாமாமே என்பார் ஒருவர். சீக்கிரமே வலி வரவைத்துவிடலாம் என்பார் இன்னொருவர். எதற்கு வம்பு, நல்ல நாள் பார்த்து சிசேரியன் செய்துவிடுங்கள் என்று முடிப்பார் மூன்றாமவர். எதைச் செய்வது என்று கேட்டு எழுதுகிறவர்கள் நிறைய இருப்பதால், எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இது ஒற்றைக் குழந்தைக்கானது. இரட்டைக் குழந்தைகள் என்றால் காரணமும் சிகிச்சையும் வேறு.

நான் டாக்டர் இல்லை. என் தங்கைக்கு 34-வது வாரத்தில் இது வந்தபோது கூடவே இருந்தவள். முதுகுக்கு மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். ஒரு ராத்திரி, "அக்கா, இங்க தொட்டுப் பாரேன்" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். மண்பானையைத் தொட்டது போல இருந்தது. விரல் உள்ளே போகவில்லை. அரை நிமிடம் கழித்து மெல்ல இளகியது. அந்த அரை நிமிடமும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அந்த பயத்தில் எடுக்கும் முடிவுகள்தான் பெரும்பாலும் தவறிப்போகின்றன.

## எதை வைத்து முடிவெடுப்பது

அளவு. ஸ்கேனில் கர்ப்பப்பையை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டினால் வருவது ஏ.எஃப்.ஐ. சிலர் நான்கையும் கூட்டாமல், ஆழமான ஒரே இடத்தை மட்டும் அளப்பார்கள். ரிப்போர்ட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 9 செ.மீ. என்பது ஏ.எஃப்.ஐ. என்றால் கவலை இல்லை. ஆழமான இடத்தின் அளவு என்றால் நீர் அதிகம்.

| நிலை | ஏ.எஃப்.ஐ. (செ.மீ.) | ஆழமான ஒரே இடம் (செ.மீ.) |
|---|---|---|
| லேசானது | 24 – 29.9 | 8 – 11 |
| நடுத்தரம் | 30 – 34.9 | 12 – 15 |
| தீவிரம் | 35-ம் அதற்கு மேலும் | 16-ம் அதற்கு மேலும் |

நூறு கர்ப்பிணிகளில் ஒருவர் இருவருக்கு நீர் இப்படி அதிகமாகிறது. அதில் பெரும்பான்மை முதல் வரிசையில் அடங்கிவிடும்.

காரணம். எண்ணைவிட இதுதான் முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம். கர்ப்பத்தின் பின்பாதியில் பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர்தான். நிறைமாதக் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் கழிக்கிறது, அதில் பெரும்பகுதியைத் திரும்ப விழுங்கியும் விடுகிறது. இந்த வரவு செலவில் எது தவறினாலும் நீர் தேங்கும். தாய்க்குச் சர்க்கரை அதிகமானால் அது குழந்தைக்கும் போய், குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழிக்கும். குழந்தைக்கு உணவுக்குழாயிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ அடைப்பு இருந்தால் விழுங்கிய நீர் கீழே இறங்காது. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை இருந்து குழந்தைக்கு ரத்தசோகை வந்தாலும், சில தொற்றுகளாலும் நீர் கூடும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு என்ன தேடினாலும் காரணம் கிடைப்பதில்லை. அப்படிக் கிடைக்காமல் போவது நல்ல செய்தி.

ஆகவே முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சர்க்கரை மறுபடி பார்த்தார்களா, குழந்தையின் வயிறும் குடலும் இதயமும் பார்த்து ஒரு விரிவான ஸ்கேன் ஆயிற்றா, நெகட்டிவ் வகை என்றால் கூம்ப்ஸ் டெஸ்ட் (குழந்தையின் ரத்தத்துக்கு எதிரான பொருள் தாயின் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது) ஆயிற்றா. ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மல் என்பதோடு விட்டுவிடக் கூடாது. சிறுகுடல் அடைப்பு பல குழந்தைகளில் ஏழு, எட்டாம் மாதத்தில்தான் ஸ்கேனில் தெரியவரும்.

வாரம். 34-ல் செய்யக்கூடாதது 39-ல் சரியாக இருக்கும்.

தாயின் மூச்சும் தூக்கமும். படுக்க முடியவில்லை என்பது வேறு, உட்கார்ந்திருக்கும்போதே பேச மூச்சு போதவில்லை என்பது வேறு. இரண்டாவது இருந்தால் அன்றே போக வேண்டும்.

குழந்தை எப்படிக் கிடக்கிறது. நீர் அதிகம் இருந்தால் குழந்தைக்கு நீந்த இடம் அதிகம். 36-வது வாரத்தில்கூட இன்று தலை கீழே, நாளை குறுக்கே என்று மாறும்.

## வயிறு இறுகுவது எது, வலி எது

வயிறு இப்படி இறுகி இளகுவதை நம் வீடுகளில் சூட்டு வலி என்பார்கள். சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். வெறும் வழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உடம்பில் நீர்ச்சத்து குறைந்தாலே கர்ப்பப்பை இறுகும். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்துவிட்டு, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் பொய் வலி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். நீர் அதிகம் உள்ளவர்களுக்குக் கர்ப்பப்பை ஏற்கெனவே இழுத்துக் கட்டியது போல இருப்பதால் இந்த இறுக்கம் மற்றவர்களைவிட அடிக்கடி வரும்.

ஆனால் இவர்களுக்குக் குறைமாத வலியும் பனிக்குடம் முன்கூட்டி உடைவதும் மற்றவர்களைவிட அதிகம் என்பதால், பொய் வலி என்று தானாக முடிவு கட்டிவிடக் கூடாது. 37 வாரத்துக்கு முன் ஒரு மணி நேரத்தில் ஆறு முறை இறுகினால், அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒழுங்காக வந்தால் போய்விடுங்கள். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ சீரகத் தண்ணீரில் நேரம் கடத்த வேண்டாம். வயிறு கல்லாகி, இளகவே இளகாமல், விடாமல் வலித்தால் நஞ்சு (நஞ்சுக்கொடி) கர்ப்பப்பையிலிருந்து முன்னதாகப் பிரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அது 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

அப்புறம், தண்ணீரைக் குறைத்துக் குடிப்பது. நான்கு வழிகளில் ஒன்றாக இதைச் சேர்க்கவே இல்லை. தாய் தாகத்தோடு இருப்பதால் பனிக்குட நீர் வற்றிவிடாது. இறுக்கமும் சிறுநீர்த் தொற்றும்தான் கூடும். என் தங்கையின் மாமியார் அன்போடுதான் சொம்பை எடுத்து உள்ளே வைத்தார். "அத்தை, அது குழந்தையோட தண்ணி, நான் குடிக்கிறது இல்ல" என்று அவள் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

## வழி 1: கண்காணித்துக்கொண்டே காத்திருப்பது

லேசான அளவு, காரணம் எதுவும் கிடைக்கவில்லை, அசைவு நன்றாக இருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், இப்படிப்பட்டவர்களுக்குத் தானாக வலி வரும்வரை விடலாம் என்கிறது. நீர் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக என்.எஸ்.டி. (குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்ப்பது) போன்ற சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை என்கிறது. நம் ஊரில் பல டாக்டர்கள் வாரம் ஒரு முறை பார்ப்பார்கள். பார்ப்பதில் தவறில்லை. ஆனால் வாரம் மூன்று ஸ்கேன் என்று போனால், ஒவ்வொன்றிலும் எதைத் தேடுகிறார்கள் என்று கேட்கலாம். ஏ.எஃப்.ஐ. ஒரே நாளில் இருவர் அளந்தாலே இரண்டு மூன்று புள்ளி வித்தியாசப்படும். 26 நேற்று, 28 இன்று என்பதைக் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ராத்திரி தூங்காமல் இருப்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

காத்திருப்பது சும்மா இருப்பது இல்லை. காரணம் சர்க்கரை என்றால் காத்திருக்கும் வாரங்களில்தான் சிகிச்சையே நடக்கிறது. தங்கைக்கு 26-வது வாரத்தில் சர்க்கரை 128 வந்து நார்மல் என்றார்கள். நீர் கூடிய பிறகு மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். சென்னையின் சர்க்கரை நோய் மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த அதே முறைதான்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ரத்தச் சோதனை, 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவளுக்கு 162. அன்று முதல் மூன்று வேளைச் சோறு ஒரு வேளையானது, சாப்பிட்டபின் இருபது நிமிடம் நடை, பத்து நாள் கழித்து இன்சுலினும். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே என்பது இலக்கு. 37-வது வாரம் ஏ.எஃப்.ஐ. 22. முதல் ஸ்கேனைப் பார்த்து பயந்து 35-ல் எதையாவது செய்திருந்தால் இது நடந்திருக்காது.

கண்ணுக்குத் தெரியாத செலவு: அலைச்சல், தூக்கமில்லாத ராத்திரிகள், வேலைக்குப் போகிறவர் என்றால் லீவு. எல்லாவற்றையும்விட, ஆஸ்பத்திரிக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அந்த ஊரிலிருந்து அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமென்றால், இந்த முறை அம்மாவை இங்கே வரச் சொல்லிவிடுங்கள்.

## வழி 2: ஊசி மூலம் நீரை எடுப்பது

மிகச் சிலருக்கு மட்டும் பொருந்தும் வழி. அளவு தீவிரமாக இருந்து, தாய்க்கு மூச்சு விடவே கஷ்டமாகவோ தாங்க முடியாத வேதனையாகவோ இருந்தால் மட்டும் செய்ய வேண்டியது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி, குழாய் வைத்து மெதுவாக நீரை வடிப்பார்கள். ஒரே தடவையில் ஒன்றரை, இரண்டு லிட்டர்கூட வரும்.

தங்கைக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த பெண்ணுக்கு ஏ.எஃப்.ஐ. 38. "தண்ணி... கொஞ்சம்... எடுத்துக் குடுங்கக்கா" என்று நடுவில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். நீரை எடுத்த அன்று சாயங்காலம் பல வாரங்களுக்குப் பிறகு படுத்துத் தூங்கினார். அவருக்கு அது வரம்தான். ஆனால் பத்து நாளில் நீர் மறுபடி ஏறிவிட்டது.

அதுதான் இந்த வழியின் குறை. காரணம் அப்படியே இருப்பதால் நீர் திரும்ப ஊறும், திரும்ப எடுக்க வேண்டிவரலாம். ஒவ்வொரு முறையும் குறைமாத வலி, பனிக்குடம் உடைதல், தொற்று, நஞ்சு பிரிதல் என்று சிறிய ஆபத்து கூடவே வரும். லேசான அளவுக்கு, வயிறு இறுக்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைக் கேட்டு வாங்கக் கூடாது.

மாத்திரையில் குறைக்க முடியாதா என்றும் கேட்பார்கள். இண்டோமெதசின் குழந்தையின் சிறுநீரைக் குறைக்கும், அதனால் நீரும் குறையும். ஆனால் கடைசி மூன்று மாதத்தில், குறிப்பாக 32 வாரத்துக்குப் பிறகு, பிறக்கும்வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாய் குழந்தையின் இதயத்தருகே முன்னதாகவே மூடிவிடும் ஆபத்து இருக்கிறது. நீரைக் குறைப்பதற்காக மட்டும் இதைத் தரக் கூடாது என்று மேலே சொன்ன வழிகாட்டுதலும் சொல்கிறது.

## வழி 3: நாள் குறித்து வலி வரவைப்பது

39 வாரம் முடிந்து, தலை கீழே நிலையாக இருந்து, கர்ப்பப்பை வாய் இளகத் தொடங்கியிருந்தால் இது நல்ல வழி. நடுராத்திரியில் பனிக்குடம் வீட்டில் உடைவதற்குப் பதில், ஆள் சூழ ஆஸ்பத்திரியில் உடையும். தலை நன்றாக இறங்கிப் பொருந்தியபின், சிறிய துளையாகப் போட்டு நீரை மெதுவாக விடுவார்கள். நீர் மொத்தமாகக் கொட்டினால் தொப்புள் கொடி முன்னால் நழுவி வரலாம், நஞ்சும் சட்டென்று பிரியலாம். ஆஸ்பத்திரியில் செய்வதன் உண்மையான லாபம் இந்த நிதானம்தான்.

வேறு காரணம் இல்லாமல் 39-க்கு முன் வேண்டாம். 37-ல் குழந்தை நிறைமாதம்தானே என்பார்கள். 37-ல் பிறக்கும் குழந்தைகளில் மூச்சுத் திணறலும் பால் குடிக்கச் சோர்வும் மஞ்சள் காமாலையும் 39-ல் பிறக்கிறவர்களைவிட அதிகம். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள் என்பது தனியாரில் பிரசவச் செலவையே தாண்டிவிடலாம். தாயும் பிள்ளையும் அந்த நான்கு நாள் பிரிந்திருப்பதற்குக் கணக்கே இல்லை. தாய்க்குச் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலோ, குழந்தைக்கு வேறு பிரச்சினை இருந்தாலோ, நடுத்தர, தீவிர அளவு என்றாலோ டாக்டர் முன்னதாக நாள் குறிக்கலாம். அப்போது என்ன காரணத்துக்காக முன்னதாக என்று ஒரு வரியில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று: முதல் பிரசவத்தில், கர்ப்பப்பை வாய் திறக்காத நிலையில் அதை இளக்கும் ஜெல் வைத்துத் தொடங்கினால் ஒன்றரை இரண்டு நாள்கூட ஆகலாம். காலையில் போனால் சாயங்காலம் பிள்ளையோடு வந்துவிடலாம் என்று எண்ணிப் போகிறவர்கள் இரண்டாம் நாள் மனம் தளர்ந்து, "ஆபரேஷனே பண்ணிடுங்க" என்று கேட்டுவிடுகிறார்கள். மனதைத் தயார்செய்துகொண்டு போனால் அந்த இரண்டாம் நாளைக் கடக்கலாம்.

## வழி 4: சிசேரியன்

நீர் அதிகம் என்பது மட்டும் சிசேரியனுக்குக் காரணம் ஆகாது. இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் சில நிலைகளில் இதுதான் ஒரே நல்ல வழி, அங்கே தயங்கவும் கூடாது. பிரசவ நேரத்தில் குழந்தை குறுக்கே கிடந்து திரும்பாவிட்டால், கொடி முன்னால் வந்தால், நஞ்சு பிரிந்து ரத்தம் போனால், குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கினால். சர்க்கரை உள்ள தாய்க்குக் குழந்தையின் எடை 4.5 கிலோ வரும் என்று கணித்தால் சிசேரியன் பற்றிப் பேசலாம் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். நம் ஊர்ப் பெண்களின் உடல்வாகைப் பார்த்து அதற்குக் குறைந்த எடையிலேயே டாக்டர்கள் யோசிப்பதுண்டு.

செலவு பில்லோடு முடிவதில்லை. எழுந்து நடமாட நாளாகும், தாய்ப்பால் தொடங்கத் தாமதமாகலாம். அடுத்த பிரசவத்தில் நஞ்சு பழைய தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடிக்கொண்டே போகும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை இப்போதே யோசிக்க வேண்டும்.

## எந்த வழியானாலும் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

பிரசவம் ரத்த வங்கி, மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர் மூன்றும் இருக்கும் இடத்தில் நடக்கட்டும். அரசு ஆஸ்பத்திரி என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ உள்ள சீமாங்க் மையம் (அவசரப் பிரசவத்துக்கும் பச்சிளங்குழந்தைக்குமான சிகிச்சை மையம்). அதிகமாக விரிந்த கர்ப்பப்பை பிள்ளை பிறந்ததும் உடனே சுருங்காது, ரத்தப்போக்கு அதிகமாகலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதுவரை நன்றாகப் பார்த்திருந்தாலும், பிரசவத்துக்குப் பெரிய இடத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்களே சொல்லாவிட்டாலும் கேளுங்கள். ரத்த வகை தெரிந்த இரண்டு உறவினர்கள் தயாராக இருக்கட்டும்.

வீட்டில் பனிக்குடம் உடைந்து நீர் கொட்டினால் எழுந்து நடக்க வேண்டாம், குளிக்கப் போக வேண்டாம். 108-க்குச் சொல்லும்போதே "பனிக்குட நீர் அதிகம் என்று சொல்லியிருந்தார்கள்" என்பதையும் சொல்லுங்கள். பிறப்புறுப்பில் கயிறு போல ஏதாவது தட்டுப்பட்டால் அது தொப்புள் கொடி. அதை இழுக்கவோ உள்ளே தள்ளவோ கூடாது. முழங்காலும் முழங்கையும் தரையில் ஊன்றி, தலை தாழ்ந்து இடுப்பு உயர்ந்து இருக்க வேண்டும். வண்டியில் ஏறியதும் இடது பக்கம் ஒருக்களித்து, இடுப்புக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கலாம்.

பிள்ளை பிறந்தபின் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. நீர் அதிகம் இருந்த குழந்தைக்கு முதல் பால் கொடுக்கும் முன், மெல்லிய குழாயை வாய் வழியாக வயிறு வரை விட்டு உணவுக்குழாய் திறந்திருக்கிறதா என்று குழந்தை டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை. பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் குழந்தைக்கு அந்தக் குழாய் பாதியில் நின்றது. அடைப்பு தெரிந்து அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அறுவை சிகிச்சை நடந்து, குழந்தை பிழைத்தது. அந்தக் குழந்தையின் பாட்டி சேனை தொட்டு வைக்கச் சர்க்கரைத் தண்ணீரைச் சங்கில் கலந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். நர்ஸ் அதை வாங்கி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, "டாக்டர் பார்க்கட்டும் பாட்டி" என்று மட்டும் சொன்னார்.